கையில் பிரிண்டர் இல்லாமல் 3டி பிரிண்டர் கட்ட: அலுமினியத் தகட்டில் உதிரிபாகங்கள் செய்யும் முறை

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் 2005-ல் ஏட்ரியன் பௌயர் தொடங்கிய, தன் பாகங்களைத் தானே அச்சடிக்கும் பிரிண்டருக்கான ரெப்ராப் திட்டத்தால்தான் 3டி பிரிண்டர் வீட்டு மேசையில் கட்டக்கூடிய பொருளானது. அந்த வழியில் 2012-ல் வந்த புரூசா ஐ3 வடிவம், புதிதாகக் கட்டுபவர்களுக்கு இன்றும் நல்ல தொடக்கம். சிக்கல் ஒன்றுதான்: அதன் மூலைகளும் பிடிமானங்களும் இன்னொரு பிரிண்டரில் அச்சடித்து எடுக்க வேண்டிய பிளாஸ்டிக் துண்டுகள். பிரிண்டர் வைத்திருக்கும் நண்பர் இல்லையென்றால் அந்தத் துண்டுகளை அலுமினியத்தில் நாமே செய்துகொள்ளலாம். இத்துண்டுகளை அச்சடிக்கப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். சூடேறும் மோட்டாரைப் பிடித்திருக்கும் இடத்தில் அலுமினியத்துக்கு அந்தக் கவலை இல்லை.

மில்லிங் மெஷின் இல்லாமல் முடியுமா என்பதுதான் பலருடைய முதல் கேள்வி. முடியும். மேசை டிரில், ஹாக்ஸா, அரம், மரை போடும் டேப் போதும். ஆனால் துல்லியம் எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு தகட்டில் இரண்டு துளைகளுக்கு நடுவே 30 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 30.3 இருந்தால் பிரிண்டருக்கு ஒன்றும் ஆகாது. கீழ்த் தகட்டில் 30.3, மேல் தகட்டில் 29.9 என்று இருந்தால்தான் ராடுகள் (நகரும் பகுதிக்கு வழிகாட்டும் எஃகுக் கம்பிகள்) சாய்ந்து, அந்தப் பகுதி ஏறி இறங்கும்போது இறுகி நிற்கும். எனவே அளவைத் துரத்துவதைவிட ஜோடிகளை ஒரே மாதிரி ஆக்குவதில் நேரத்தைச் செலவிடுங்கள்.

எதை வாங்குவது, எதைச் செய்வது

200×200×200 மி.மீ. அச்சுப் பரப்புள்ள, 2020 அலுமினிய புரொஃபைல் (20×20 மி.மீ. குறுக்களவுள்ள, காடி வெட்டிய கம்பி) சட்டமும் 8 மி.மீ. ராடுகளும் கொண்ட பிரிண்டரை மனதில் வைத்தே இந்தக் கட்டுரை போகிறது. ராடைத் தாங்கும் எஸ்கே8, லீனியர் பேரிங்கை உள்ளே வைத்த எஸ்சி8யுயு பிளாக், மேல்கீழ் நகர்த்தும் டி8 லீட் ஸ்க்ரூவும் (நீள மரைத்தண்டு) அதன் பித்தளை நட்டும், நெமா 17 மோட்டார், ஜிடி2 பெல்ட், புல்லி ஆகியவற்றை வாங்கிவிடுங்கள். சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் இவை கிடைக்கும். பிளாக் இல்லாமல் எல்எம்8யுயு லீனியர் பேரிங்கை நேரடியாகத் தகட்டில் பொருத்த 15 மி.மீ. துளையைத் துல்லியமாகக் குடைய வேண்டும். அதன் ஓடு மெல்லியது, இறுக்கிப் பிடித்தால் உள்ளே குண்டுகள் சிக்கிக்கொள்ளும். தொடக்கத்தில் அந்த வம்பே வேண்டாம்.

எக்ஸ் என்பது இடவல நகர்வு, ஒய் முன்பின், இசட் மேல்கீழ். நாம் செய்ய வேண்டியவை: இசட் தகடு 4, எக்ஸ் பக்கத் தகடு 2, ஹாட்எண்ட் (பிளாஸ்டிக்கை உருக்கும் முனை) ஏறும் கேரியேஜ் தகடு 1, லீட் ஸ்க்ரூ நட்டைப் பிடிக்கும் எல்-ஆங்கிள் துண்டு 2, ஒய் மோட்டாருக்கு ஒரு தகடு, அச்சடிக்கும் பொருள் உட்காரும் படுக்கைக்கு ஒரு தகடு. படுக்கைத் தகடு தவிர மற்ற தகடுகளுக்கு 6 மி.மீ. கனத்தில் 300×300 மி.மீ. தகடு ஒன்று தாராளமாகப் போதும். கடையில் எடைபோட்டுத்தான் கொடுப்பார்கள். அந்தத் தகடு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வரும்.

கடையில் "அலுமினியத் தகடு" என்று மட்டும் கேட்காதீர்கள். 6061 அல்லது ஹெச்இ30 என்று கேளுங்கள். தரம் குறிக்காத மென்மையான தகடு டிரில் பிட்டின் முனையில் ஒட்டிக்கொள்ளும், அரத்தின் பற்களை அடைக்கும், மரை போட்டால் கிழிந்துவரும். புதியவர்கள் "எனக்குக் கை சரியில்லை" என்று நினைக்கும் பல இடங்களில் குற்றம் தகட்டின் மேல்தான்.

டிரில் பிட்டுகள்: 2.5, 3.2, 4.0, 4.2, 4.5, 5.0, 5.5, 7.8, 12 மி.மீ. இவற்றோடு 8 மி.மீ. ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்கு இழைப்பது), 22 மி.மீ. ஹோல் சா (வட்டத் துளை வெட்டும் ரம்பம்), எம்3, எம்5 (3, 5 மி.மீ. மரை) டேப் செட், சென்டர் பஞ்ச், ஸ்க்ரைபர், மூலைமட்டம், 150 மி.மீ. வெர்னியர், 5 மி.மீ. டவல் பின் (நேரான எஃகு முள்) இரண்டு. மண்ணெண்ணெய் ஒரு சின்ன பாட்டிலில் இருக்கட்டும். அலுமினியத்துக்கு அதைவிட நல்ல வெட்டு எண்ணெய் வீட்டில் கிடைக்காது. கிடைக்காத ஊரில் டபிள்யூடி-40 பயன்படுத்தலாம்.

முதலில் டிரில் மெஷினைச் சரிபாருங்கள்

இதை யாரும் செய்வதில்லை, பிறகு தகட்டைத் திட்டுகிறார்கள். சக்கில் நேரான 8 மி.மீ. ராடு ஒன்றைப் பிடித்து, மேசைமேல் மூலைமட்டத்தை வைத்து, முன்பக்கமும் பக்கவாட்டிலும் ராடோடு ஒட்டிப் பாருங்கள். நடுவே வெளிச்சம் தெரிந்தால் மேசை சாய்ந்திருக்கிறது. அரை டிகிரி சாய்வு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நான்கு தகடுகளை அடுக்கி 24 மி.மீ. ஆழத்துக்குத் துளையிட்டால் அடித் தகட்டில் துளை 0.2 மி.மீ. நகர்ந்திருக்கும். மேசையின் போல்ட்டைத் தளர்த்தித் திருப்புங்கள், அல்லது மேசைக்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யுங்கள்.

கையுறை போட்டுக்கொண்டு டிரில் மெஷின் அருகே நிற்கக் கூடாது. துணியைப் பிட் பிடித்தால் விரலும் சேர்ந்து போகும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தகட்டைக் கையால் பிடித்துத் துளையிடவும் கூடாது. பிட் அடிப்பக்கம் வெளியேறும் நொடியில் அது தகட்டைக் கவ்விச் சுழற்றும், கையைக் கிழிப்பது அந்த நொடிதான். மெஷின் வைஸ் அல்லது சி-கிளாம்ப் போடுங்கள்.

நான்கு இசட் தகடுகள்

பிரிண்டரின் குணத்தைத் தீர்மானிப்பவை இவைதான், அதனால் நேரம் எடுத்துச் செய்யுங்கள். ஒவ்வொன்றும் 80×65 மி.மீ. கீழே இரண்டில் மோட்டார் தொங்கும், மேலே இரண்டில் ராடின் தலை உட்காரும். இடது, வலது தகடுகள் கண்ணாடிப் பிம்பம் போல இருக்க வேண்டும். எல்லாம் அடிவரை போகும் துளைகளானதால் ஒன்றைப் புரட்டிப்போட்டாலே மற்றது கிடைத்துவிடும். ஆகவே நான்கும் ஒரே வடிவம். மேல் தகட்டில் மோட்டார் துளை தேவையில்லைதான். ஆனாலும் இருந்துவிட்டுப் போகட்டும்: லீட் ஸ்க்ரூவின் மேல்முனையைப் பிடிக்காமல் சும்மா விடுவது நல்லது, அந்த 22 மி.மீ. துளையில் அது தாராளமாக நிற்கும்.

துண்டுகளை ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ. கூட்டி வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு நீளப் பக்கத்தையும் ஒரு குறும்பக்கத்தையும் மட்டும் நேராக, ஒன்றுக்கொன்று செங்குத்தாக ராவுங்கள். இந்த இரண்டும்தான் அடிப்படை விளிம்புகள். எல்லா அளவும் இங்கிருந்தே எடுக்கப்படும். மற்ற இரண்டு பக்கங்கள் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் வேலை செய்யும். அடிப்படை விளிம்புகளில் மார்க்கரால் புள்ளி வையுங்கள், பிறகு குழப்பம் வராது.

நான்கு தகடுகளுக்கும் நடுவே மெல்லிய இரட்டைப்பக்க டேப் ஒட்டி அடுக்குங்கள். கண்ணாடிப் பலகைமேல் வைத்து, மூலைமட்டத்தோடு அடிப்படை விளிம்புகளை ஒட்டவைத்து அழுத்தி, இரண்டு கிளாம்ப் போடுங்கள். மேல் தகட்டில் நீல மார்க்கர் பூசிக் கோடு கிழியுங்கள். வெர்னியரின் தாடையால் கிழித்தால் அதன் முனை தேய்ந்து, நாளடைவில் பொய் சொல்லும், ஸ்க்ரைபரே வேண்டும். இடது குறும்பக்கத்திலிருந்து முதல் எண்ணும், பின்னால் உள்ள நீளப் பக்கத்திலிருந்து இரண்டாம் எண்ணும் (மி.மீ.):

- சட்டத்தில் பூட்டும் துளைகள்: 12, 10 மற்றும் 68, 10
- மோட்டார் மையம்: 25, 43
- மோட்டார் போல்ட் துளைகள்: 9.5, 27.5; 40.5, 27.5; 9.5, 58.5; 40.5, 58.5
- ராடு துளை: 55, 49

பின்பக்க 20 மி.மீ. பட்டை புரொஃபைல்மேல் உட்காரும். நெமா 17 மோட்டாரின் முகம் 42.3 மி.மீ. சதுரம், போல்ட் துளைகளின் இடைவெளி 31. ஆக மோட்டார் புரொஃபைலில் இடிக்காமல் ஏறத்தாழ 2 மி.மீ. தள்ளி நிற்கும். ராடு ஏன் மோட்டார் மையத்தைவிட 6 மி.மீ. முன்னால் இருக்கிறது என்பதை நட்டுப் பிடிமானத்துக்கு வரும்போது பார்ப்போம்.

கோடுகள் சந்திக்கும் இடத்தில் பஞ்சின் முனையை முதலில் லேசாகத் தட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். விலகியிருந்தால் பஞ்சைச் சாய்த்துத் தட்டிப் புள்ளியை இழுத்துக்கொள்ளலாம். சரியான பிறகே பலமாக ஓர் அடி.

துளையிடும் வரிசை முக்கியம். முதலில் சட்டத்துக்கான இரண்டு துளைகளையும் 5.0 மி.மீ. பிட்டால் போட்டு, உடனே டவல் பின்களை அடித்து இறக்குங்கள். இனி கிளாம்ப் நழுவினாலும் நான்கு தகடுகளும் நகராது. பிறகு மோட்டார் போல்ட் துளைகள் நான்கும் 3.2 மி.மீ., மோட்டார் மையத்தில் ஹோல் சாவின் நடு பிட்டுக்கான துளை, ராடு துளைக்கு 5.0, அடுத்து 7.8, கடைசியில் ரீமர். 3 மி.மீ. பிட்டுக்கு மெஷினின் அதிக வேகம் சரி. 7.8-க்கு நிமிடத்துக்கு 1500 சுற்று போதும். ரீமருக்கு ஆகக் குறைந்த வேகம், நிறைய மண்ணெண்ணெய். ரீமரைப் பின்பக்கமாகச் சுற்றவே கூடாது, முனை மழுங்கும். 5 மி.மீ. ஆழத்துக்கு ஒருமுறை பிட்டைத் தூக்கித் துருவலை வெளியேற்றுங்கள். நீண்ட சுருளாக வந்தால் நல்ல வெட்டு. வெள்ளைப் பொடியாகவோ பிட்டில் ஒட்டிய கட்டியாகவோ வந்தால் எண்ணெய் போதவில்லை என்று பொருள்.

22 மி.மீ. துளையை அடுக்காகப் போடாதீர்கள். பின்களைக் கழற்றித் தகடுகளைப் பிரித்து, ஒவ்வொன்றாக, மரத்துண்டுமேல் வைத்து, 500 சுற்றுக்குள் ஓட்டுங்கள். பாதி ஆழம் போனதும் தகட்டைப் புரட்டி மறுபக்கத்திலிருந்து வெட்டினால் விளிம்பில் பிசிறு வராது. மோட்டாரின் முகத்தில் 22 மி.மீ. விட்டத்தில் 2 மி.மீ. உயர வட்ட மேடு இருக்கிறது. ஹோல் சா எப்போதும் கொஞ்சம் பெரிதாகவே வெட்டும் என்பதால் அது எளிதாக உட்காரும். கடைசியாகச் சட்டத்துளைகளை 5.5-க்குப் பெரிதாக்குங்கள். எல்லாத் துளைகளின் வாயிலும் பெரிய பிட்டைக் கையால் சுற்றிப் பிசிறு எடுங்கள். பிசிறு மிஞ்சினால் தகடு புரொஃபைலில் சமமாக உட்காராது, அந்தச் சாய்வு ராடின் மேல்முனையில் பல மடங்காகத் தெரியும்.

ராடு கழன்று வராமலிருக்க, தகட்டின் முன்விளிம்பில் ராடுக்கு நேரே 2.5 மி.மீ. துளை போட்டு எம்3 மரை அடித்து, ஒரு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ) வையுங்கள். விளிம்பிலிருந்து ராடு வரை 12 மி.மீ. ஆழம். விரலால் இறுக்கும் அளவு போதும்.

மரை போடும்போது

எம்3-க்கு 2.5, எம்4-க்கு 3.3, எம்5-க்கு 4.2 மி.மீ. பிட். டேப் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் பலம் அல்ல, சாய்வு. துளை போட்ட கையோடு தகட்டை நகர்த்தாமல், சக்கிலேயே டேப்பை மாட்டி, மெஷினின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, சக்கைக் கையால் திருப்பி முதல் மூன்று சுற்றைப் போடுங்கள். அதன்பின் டேப் ஹேண்டிலுக்கு மாறினால் நேராகவே போகும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். இறுக்கம் கூடினால் வெளியே எடுத்துத் துடையுங்கள். எம்3 டேப் உடைந்து உள்ளே நின்றுவிட்டால் அலுமினியத்திலிருந்து அதை எடுப்பது பெரும்பாடு, புதுத் தகடு செய்வது சுலபம்.

போல்ட் நீளத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். மோட்டாரின் மரை ஆழம் பெரும்பாலும் 4.5 மி.மீ.தான். 6 மி.மீ. தகடு, அரை மி.மீ. வாஷர் என்றால் எம்3×10 சரியான நீளம். எம்3×12 போட்டால் அடியில் முட்டி நிற்கும். இறுகிவிட்டது போலத் தோன்றும், மோட்டார் ஆடும்.

எக்ஸ் பக்கத் தகடுகளும் நட்டும்

80×90 மி.மீ. தகடு இரண்டு, அதே முறையில் சேர்த்துத் துளையிடுங்கள். பின்பக்கத்தில் இசட் ராடில் ஏறும் எஸ்சி8யுயு பிளாக்குகள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. இவற்றின் போல்ட் இடைவெளி 24×18 மி.மீ., எம்4. முன்பக்கத்தில் எக்ஸ் ராடுகளுக்கு எஸ்கே8 இரண்டு. அவற்றின் துளை இடைவெளி 32. எஸ்கே8-ன் அகலம் 42 என்பதால் இரண்டு ராடுகளின் மையத்துக்கு நடுவே 45 மி.மீ. வையுங்கள். எஸ்கே8-க்குத் தகட்டிலேயே எம்5 மரை போட்டுவிட்டால் பின்னால் நட்டுக்கு இடம் தேட வேண்டியதில்லை.

எஸ்சி8யுயு-வில் ராடின் மையம் தகட்டிலிருந்து 11 மி.மீ. டி8 நட்டின் விளிம்பும் 22 மி.மீ. விட்டம், அதாவது ஆரம் 11. ஸ்க்ரூவையும் ராடின் வரிசையிலேயே வைத்தால் நட்டு தகட்டில் உரசும். அதைப் பிடிக்கும் எல்-ஆங்கிளுக்கு 5 மி.மீ. கனம் வேறு இருக்கிறது. அதனால்தான் ஸ்க்ரூவைத் தகட்டிலிருந்து 17 மி.மீ.க்குத் தள்ளினோம், அந்த 6 மி.மீ. விலகல்தான் இசட் தகட்டில் 43, 49 என்று வந்தது.

40×40×5 ஆங்கிளில் 35 மி.மீ. நீளத் துண்டு இரண்டு வெட்டி, வெளி மூலையிலிருந்து 17 மி.மீ. தள்ளி 12 மி.மீ. துளை போடுங்கள். நட்டின் உடல் 10.2 மி.மீ.தான். இந்தத் தளர்வு வேண்டுமென்றே விட்டது. நட்டின் நான்கு சின்னத் துளைகள் 16 மி.மீ. வட்டத்தில் இருக்கும். அவற்றுக்கு எம்3 போல்ட் நுழைய 4 மி.மீ. துளை போட்டால் நட்டு தானே தன் இடத்தைத் தேடிக்கொள்ளும்.

கேரியேஜ் தகட்டிலும் இதே எண்ணம். மேல் ராடின் பிளாக்குகளுக்குச் சரியான 4.5 மி.மீ. துளை, கீழ் ராடின் பிளாக்குக்கு மேலும் கீழும் நகர 4.5×7 மி.மீ. நீள்துளை. இரண்டு துளைகளைப் பக்கத்தில் போட்டு, நடுவை ஊசி அரத்தால் ராவினால் நீள்துளை. ஒரு ராடு வழிகாட்ட வேண்டும், மற்றது தாங்க மட்டும் வேண்டும். இரண்டையும் இறுக்கிப் பிடித்தால் இரண்டு ராடுகளுக்கும் உள்ள சின்ன வித்தியாசம் முழுவதும் பேரிங்கின் தலையில் விழும்.

படுக்கைத் தகட்டுக்கு 4 மி.மீ. கனம், 220×220. எஸ்சி8யுயு நான்கு வேண்டாம், மூன்று போதும்: ஒரு ராடில் இரண்டு, மற்றதில் ஒன்று. 200 மி.மீ. அலுமினியம் 80 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.37 மி.மீ. நீளும். அதனால் சூட்டுப் படுக்கையின் எம்3 போல்ட்டுகளுக்குத் துளையைத் தாராளமாக விட்டு, ஸ்பிரிங் போட்டுப் பிடியுங்கள்.

லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியவை

5 மி.மீ. மோட்டார் தண்டை 8 மி.மீ. ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங் ஐம்பது ரூபாய்ப் பொருள் போலத் தெரிந்தாலும், துளைகள் மையம் விலகிய கப்ளிங் இசட் அச்சை ஆட்டி, அச்சடித்த சுவரில் வரிவரியாகக் காட்டும். பட்டறையில் செய்வதானால் 20 மி.மீ. அலுமினிய உருண்டைக் கம்பியில் 25 மி.மீ. நீளம். ஒரே பிடியில் 4.8 துளையிட்டு 5 ரீமரை முழுவதும் விட்டு, கம்பியைக் கழற்றாமலேயே பாதி ஆழத்துக்கு 7.8 துளையிட்டு 8 ரீமர் போடச் சொல்லுங்கள். திருப்பிப் பிடித்துப் போட்டால் மையம் விலகும். மோட்டாரையும் ஸ்க்ரூ துண்டையும் கையோடு எடுத்துப்போய்க் கொடுத்துவிடுங்கள். கோவை கணபதியிலோ சென்னை அம்பத்தூரிலோ உள்ள சின்னப் பட்டறைக்கு, பொருந்தவேண்டிய பொருளைக் கையில் கொடுப்பதைவிடத் தெளிவான வரைபடம் இல்லை.

8 மி.மீ. ராடுகளை வெட்டவும் அங்கேயே கொடுக்கலாம். அவற்றின் மேற்பரப்பு கடினமாக்கப்பட்டது, ஹாக்ஸா வழுக்கும். கட்டிங் வீல்தான் வழி. வெட்டியபின் முனையைச் சாய்வாகத் தேய்க்காமல் பேரிங்குக்குள் நுழைத்தால் உள்ளேயிருக்கும் குண்டுகள் உதிர்ந்துவிடும்.

சட்டமும் பூட்டுவதும்

2020 புரொஃபைலை அங்குலத்துக்கு 24 பல் உள்ள ஹாக்ஸா பிளேடால் வெட்டலாம். ஒரே நீளம் வேண்டியவற்றைச் சேர்த்துக் கிளாம்ப் செய்து முனைகளை ஒன்றாக ராவுங்கள். நடுத்துளை 4.2 மி.மீ., நேரடியாக எம்5 மரை ஏறும்.

சட்டத்தைப் பூட்டியதும் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். 400 மி.மீ. சதுரச் சட்டத்தில் அவை 1 மி.மீ. வேறுபட்டால், அச்சடிக்கும் 200 மி.மீ. சதுரம் 0.35 மி.மீ. சாய்ந்து வரும். நீளமான மூலையை மெல்லத் தட்டி, அளந்து, பிறகே இறுக்குங்கள்.

இசட் பகுதியைப் பூட்டும் வரிசை: கீழ்த் தகடுகளை இறுக்குங்கள், மேல் தகடுகள் தளர்வாக இருக்கட்டும். எக்ஸ் பகுதி முழுவதையும் ஸ்க்ரூ இல்லாமல் ராடில் ஏற்றி, உச்சிக்குத் தூக்கி, அந்த நிலையில் மேல் தகடுகளை இறுக்குங்கள். கையை விட்டால் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். எங்காவது தயங்கினால் அந்த உயரத்தில் தகடுகளைத் தளர்த்தி மீண்டும் பாருங்கள். அதன்பின் மோட்டார், ஸ்க்ரூ, நட்டு மூன்றையும் தளர்வாக மாட்டி, எக்ஸ் பகுதியை அடிவரை இறக்கி, மோட்டார் போல்ட்டுகளையும் நட்டு போல்ட்டுகளையும் அங்கே இறுக்குங்கள். நட்டும் மோட்டாரும் மிக அருகில் இருக்கும் அந்த இடத்தில்தான் மைய விலகல் முழுமையாக வெளிப்படும்.

பெல்ட் ராடுகளுக்கு இணையாக ஓடுகிறதா என்று இரு முனைகளிலும் வெர்னியரால் பாருங்கள். சாய்ந்திருந்தால் கேரியேஜ் நகர நகர இறுக்கம் மாறும். கடைசியாக, பிரிண்டரின் மென்பொருளில் இட வேண்டிய எண்கள்: மோட்டார் சுற்றுக்கு 200 படி, 16 மைக்ரோஸ்டெப் (ஒவ்வொரு படியும் 16 பங்கு) என்ற அமைப்பில், 20 பல் புல்லிக்கு மி.மீ.க்கு 80 படி, சுற்றுக்கு 8 மி.மீ. ஏறும் டி8 ஸ்க்ரூவுக்கு 400 படி. சதுரம் சாய்ந்து வந்தால் இந்த எண்களைத் தொடாதீர்கள், சட்டத்துக்குத் திரும்புங்கள். சில மணி நேரம் ஓட்டியபின் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அலுமினியத்தில் போட்ட எம்3 மரைகளை மட்டும் சின்ன ஆலன் சாவியின் குட்டைக் கையால் இறுக்குங்கள், நீளக் கையின் பலத்தை அந்த மரை தாங்காது.